கவுண்டி மேற்பார்வையாளர் குழுவின் வழக்கமான கூட்டம்: ஒரே வாக்கெடுப்பில் இத்தனை தீர்மானங்களா?

மேற்குக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் (பல நகரங்களை உள்ளடக்கிய உள்ளாட்சிப் பகுதி) பல ஆண்டுகளாகக் குடியிருந்தும், அதன் மேற்பார்வையாளர் குழு எப்படி இயங்குகிறது என்பதை இதுவரை நான் கவனித்ததில்லை. எங்கள் குடியிருப்பை ஒட்டிச் செல்லும் எக்ஸ்பிரஸ்வே என்னும் அகன்ற விரைவுச் சாலையில் நடந்து கடப்பவர்களுக்கான விளக்கு இன்னும் சில நொடிகள் கூடுதலாக எரிந்தால், மாலையில் பேரப்பிள்ளைகளோடு பூங்காவுக்குச் செல்லும் முதியவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து பேசினோம். நகர மன்றத்தில் விசாரித்தபோது அந்தச் சாலை கவுண்டிக்கு உரியது என்று தெரிந்தது. ஆகவே சான் ஹோசேயில் செவ்வாய்க்கிழமை நடந்த கவுண்டிக் கூட்டம் ஒன்றின் நேரலையை உட்கார்ந்து பார்த்தேன்.

பார்த்த பிறகு தெளிவைவிடக் குழப்பமே கூடியிருக்கிறது. மருத்துவமனை ஒப்பந்தங்கள், மானியங்களை ஏற்பது, ஆணையங்களுக்கு ஆள் நியமிப்பது, பழைய கூட்டத்தின் குறிப்புகளை ஏற்பது என்று ‘கன்சென்ட் கேலண்டர்’ தலைப்பின் கீழ் இருந்த அத்தனையையும் ஒருவர் முன்மொழிந்தார், மற்றொருவர் வழிமொழிந்தார், ஒரே வாக்கெடுப்பில் எல்லாம் நிறைவேறிவிட்டன. கோடிக்கணக்கான டாலர் சம்பந்தப்பட்டவற்றை விவாதமே இல்லாமல் இப்படி நிறைவேற்றச் சட்டம் இடம் கொடுக்கிறதா? எங்களுடையதைப் போன்ற சிறு கோரிக்கைக்கு அந்த நிரலில் எங்கே இடம் இருக்கிறது? எச்-1பி விசாவில் இருப்பவரோ, இங்கே மகன் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோரோ அங்கே எழுந்து பேச முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிரல்நோக்கி

வணக்கம், மேற்குக்கரையான். முதலில் குழுவின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. நகரமும் கவுண்டியும் ஒன்றாகவே இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் 11 மேற்பார்வையாளர்கள் இருக்க, சான்டா கிளாராவில் மாவட்டத்துக்கு ஒருவராக 5 பேர். கவுண்டிக்குள் 15 நகரங்கள் தனித்தனி மன்றங்களோடு இயங்குவதால், உங்கள் குப்பை வண்டியும் தெருவிளக்கும் நகரத்தின் கையில் இருக்கின்றன. பொது மருத்துவமனைகள், சிறை, தேர்தல் நடத்துவது, உணவு உதவித் திட்டங்கள், குழந்தைகள் பாதுகாப்பு, கவுண்டிப் பூங்காக்கள் ஆகியவை கவுண்டியின் பொறுப்பு. லாரன்ஸ், சான் டொமாஸ், மான்டேகு, சென்ட்ரல், ஃபுட்ஹில், அல்மடென், கேபிடல், ஆரெகன்–பேஜ் மில் என்னும் எட்டு எக்ஸ்பிரஸ்வேக்களும் அப்படித்தான். எந்த நகரத்திலும் சேராத நிலப்பகுதிகளுக்கு மட்டும் இந்தக் குழுவே நகர மன்றம் போலவும் செயல்படுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதி அத்தகைய நிலத்தில் இருப்பதால்தான், அதன் விரிவாக்கத் திட்டம் பாலோ ஆல்டோ நகர மன்றத்துக்குப் போகாமல் இந்த ஐவரிடம் வந்தது. நிபந்தனைகளில் உடன்பாடு எட்டாமல் 2019 நவம்பரில் பல்கலைக்கழகமே அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கன்சென்ட் கேலண்டர் என்பது விவாதம் தேவைப்படாது என்று கருதப்படும் இனங்களை, அதாவது நிரலில் எண்ணிட்டு வரும் தனித்தனி விஷயங்களை, ஒன்றாகக் கட்டி வைக்கும் ஏற்பாடு. அதிலுள்ள எந்த இனத்தையும் குழு உறுப்பினர் ஒருவர் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லலாம். எடுக்காமல் விட்டாலும், வாக்கெடுப்புக்கு முன் அந்த இனத்தைப் பற்றிப் பேசப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் திரையில் கண்ட அந்த ஒரு வாக்கெடுப்பு, பல வாரங்களாகத் துறை அதிகாரிகளும் கவுண்டி வழக்கறிஞர் அலுவலகமும் கவுண்டி நிர்வாக அதிகாரியின் அலுவலகமும் கைமாற்றிப் பார்த்த கோப்புகளின் கடைசிக் கட்டம்.

ஒவ்வொரு இனத்துக்கும் பின்னால் ஓர் அறிக்கை இருக்கிறது. அதை ஒருமுறை திறந்து பாருங்கள். பரிந்துரை, நிதித் தாக்கம், காரணங்கள், குழந்தைகள் மீதான தாக்கம், முதியோர் மீதான தாக்கம் என்று தலைப்புகள் வரிசையாக வரும். இறுதிப் பகுதியில் ‘ஒப்புதல் மறுக்கப்பட்டால் என்ன நேரும்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான், ஏனென்றால் துறை எதற்காக உண்மையில் அவசரப்படுகிறது என்பது அங்கேதான் வெளிப்படும். ஒப்பந்தத் தொகைக்கு முன் ‘மிகாமல்’ என்ற சொல் இருந்தால் அது உச்சவரம்பே தவிர, அவ்வளவும் செலவாகும் என்று பொருளில்லை. என்னைக் கேட்டால், தொகையைவிடக் கவனிக்க வேண்டியது ‘அதிகார ஒப்படைப்பு’ என்று தொடங்கும் இனங்களையே. அவை நிறைவேறிவிட்டால், அதன்பின் அந்த ஒப்பந்தங்களைத் திருத்தவும் நீட்டிக்கவும் அதிகாரிகளே கையெழுத்திடலாம். குழுவின் முன் அவை மீண்டும் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்விக்குறி

நிரல்நோக்கியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இது ஏட்டில் இருக்கும் நடைமுறை. வழக்கமான கூட்டத்துக்கு நிரலை 72 மணி நேரத்துக்கு முன் ஒட்டினால் போதும் என்கிறது சட்டம். அந்த 72 மணி நேரத்தில் விடுமுறை நாளும் சேரும். செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்துக்குச் சனிக்கிழமை காலையில் ஒட்டினாலும் சட்டம் திருப்தி அடைந்துவிடும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட இணைப்புகளை, வேலைக்குப் போகிற, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிற ஒரு குடும்பத்தலைவர் எப்போது படித்து முடிப்பார்? படித்துவிட்டுப் போனாலும், பேசக் காத்திருப்போர் வரிசை நீண்டால் தலைவர் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று அறிவிப்பார். அந்த ஐவரும் முன்னரே முடிவெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

நிரல்நோக்கி

ஐவரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு வர முடியாது என்பதற்காகவே பிரவுன் சட்டம் இயற்றப்பட்டது. மாநில சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்து 1953-இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின்படி, ஐவரில் மூவர் கூட்டத்துக்கு வெளியே கவுண்டி அலுவல்களைப் பற்றிக் கலந்து பேசினாலே மீறல் ஆகும். நேரில் கூட வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவரிடம் பேசிய உதவியாளர் அவர் கருத்தை இரண்டாமவருக்கும், இருவர் கருத்தையும் மூன்றாமவருக்கும் கொண்டு சென்றால் அதுவும் தடை செய்யப்பட்ட தொடர் கூட்டமே. வழக்குகள், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை, நிலம் வாங்கும் விலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் மூடிய அமர்வு அனுமதிக்கப்படுகிறது. நிரலில் இல்லாத ஒன்றைப் பற்றி மிகச் சில விதிவிலக்குகள் தவிர முடிவெடுக்கவும் முடியாது. நிரலில் இல்லாதவற்றைப் பற்றிப் பொதுமக்கள் பேசும் திறந்த நேரத்தில் நீங்கள் எழுந்து உருக்கமாகப் பேசினாலும் அவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்தவரை அழைப்பது இதனால்தான்.

இருந்தாலும் கேள்விக்குறி சொல்வதில் பாதி சரி. முழுக் குழு கூடும் செவ்வாய்க்கிழமைக்குள் பெரும்பாலானவை ஏறத்தாழ முடிவாகிவிடுகின்றன என்பது உண்மை. அவை முடிவாகும் இடம் இரண்டு பேர் கொண்ட நிலைக்குழுக்கள். நிதிக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, குழந்தைகள்–முதியோர்–குடும்பங்களுக்கு ஒன்று, பொதுப் பாதுகாப்புக்கு ஒன்று, வீட்டுவசதி–நிலப் பயன்பாடு–சுற்றுச்சூழல்–போக்குவரத்துக்கு ஒன்று என இயங்கும் அவையும் பிரவுன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை, பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே அதிகாரிகள் விளக்க, இரண்டு மேற்பார்வையாளர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

மக்கள் விடாமல் துரத்தினால் என்ன நடக்கும் என்பதற்குக் கிழக்கு சான் ஹோசேயில் உள்ள ரீட்–ஹில்வியூ விமான நிலையத்தைச் சொல்வேன். கவுண்டிக்குச் சொந்தமான அந்தச் சிறு விமான நிலையத்தைச் சுற்றிலும் வீடுகளும் பள்ளிகளும் இருக்கின்றன. சிறு விமானங்களின் எரிபொருளில் ஈயம் கலந்திருப்பதால் குழந்தைகளுக்குப் பாதிப்பு என்று அப்பகுதியினர் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார்கள். நடுவண் அரசின் புதிய மானியங்களை வாங்கினால் நிலையத்தை மூட முடியாதபடி கட்டுப்பாடு நீளும் என்பதால், அவற்றை இனி வாங்குவதில்லை என்று குழு 2018-இல் முடிவு செய்தது. கவுண்டி நியமித்த ஆய்வாளர்கள் 2021 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, நிலையத்துக்கு அருகே வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதே மாதம் 17-ஆம் தேதி, ஈயம் கலந்த எரிபொருள் விற்பனையை நிறுத்துவது என்று குழு தீர்மானித்து, 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விமானிகள் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நடுவண் விமானத் துறையும் விசாரணை தொடங்கியது. பழைய மானியங்களின் நிபந்தனையால் நிலையத்தை மூடும் பேச்சு இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. இதில் ஒரு நிமிடப் பேச்சுகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் வேலை செய்தது, ஆண்டுக்கணக்கில் ஒரே கோரிக்கையோடு நிலைக்குழுவின் வாசலில் நின்றது.

வரிக்கணக்கர்

பணத்தைப் பற்றி யாரும் பேசாததால் நான் சேர்த்துக்கொள்கிறேன். நம்மவர்களில் பலருக்குக் கவுண்டி என்றாலே டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்னும் இரண்டு தேதிகள்தான் நினைவுக்கு வரும். அந்த நாளுக்குள் சொத்து வரித் தவணையைக் கட்டத் தவறினால் 10 விழுக்காடு அபராதம். அதனால் வரியை உயர்த்துவதும் குறைப்பதும் இந்த ஐவரின் விருப்பம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி அடிப்படை வரி மதிப்பில் 1 விழுக்காடு. வீடு கைமாறாத வரை, புதிதாகக் கட்டாத வரை, மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் 1990-களில் வாங்கியதால் உங்களைவிட மிகக் குறைவாகக் கட்டுகிறார் என்றால் அதற்கும் இதுவே காரணம். சொத்தின் மதிப்பைக் கணக்கிடும் மதிப்பீட்டாளர் தனியே தேர்ந்தெடுக்கப்படுபவர். அவருடைய மதிப்பை எதிர்த்து முறையிடக் குழு நியமித்த தனி மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. வசூலாகும் பணத்திலும் பெரும் பங்கு பள்ளிகளுக்குப் போய்விடுகிறது.

கவுண்டியின் ஆண்டு வரவுசெலவு 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அதில் பெரும்பகுதி மாநில, நடுவண் அரசுகள் குறிப்பிட்ட திட்டங்களுக்கென்று தரும் பணம்; அதை எடுத்துச் சாலைக்குச் செலவழிக்க முடியாது. நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. மே மாதத்தில் பரிந்துரை அறிக்கை வரும், ஜூன் மாதத்தில் விசாரணைக் கூட்டங்கள் நடந்து நிறைவேறும். ஆண்டின் நடுவே எதிர்பாராமல் வந்த வருவாயை ஒதுக்கவோ அவசர நிதியிலிருந்து எடுக்கவோ வேண்டுமானால் ஐவரில் நால்வரின் வாக்கு தேவை. சாதாரணத் தீர்மானத்துக்கு மூன்று போதும் என்கிற இடத்தில் இதற்கு நான்கு. ஆகவே ஜூன் மாதத்தைத் தவறவிட்டவர்களின் வேலை கடினமாகிவிடுகிறது.

பெரிய முடிவுகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன என்பதையும் கவனியுங்கள். திவாலான ஒரு நிறுவனத்திடமிருந்து ஓ’கானர் மருத்துவமனையையும் கில்ராயில் உள்ள செயின்ட் லூயிஸ் மருத்துவமனையையும் மார்கன் ஹில்லில் உள்ள ஒரு மருத்துவ மையத்தையும் கவுண்டி 2019-இல் 23.5 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியிராவிட்டால் கில்ராய் மக்கள் அவசர சிகிச்சைக்கு நெடுந்தூரம் போக வேண்டியிருந்திருக்கும் என்பதால் அதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் மருத்துவமனைகளை நடத்தும் கவுண்டிக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பணம் உயிர்நாடி. 2025-இல் நடுவண் அரசு அதைக் குறைக்கச் சட்டம் இயற்றியதும், விற்பனை வரியை ஐந்தாண்டுகளுக்கு 0.625 விழுக்காடு கூட்டும் ‘ஏ’ முன்மொழிவைக் குழு வாக்காளர் முன் வைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அது வென்றது. இப்போது நீங்கள் கடையில் கட்டும் வரியில் அந்தப் பழைய செவ்வாய்க்கிழமைகளும் அடங்கியிருக்கின்றன.

பொட்டோமாக்கரை

வர்ஜீனியாவிலிருந்து ஒரு சிறு ஒப்பீடு. இங்கே ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் மேற்பார்வையாளர்கள் 10 பேர். தலைவரை மட்டும் கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. இங்கே 13-ஆம் முன்மொழிவு போன்ற கட்டுப்பாடு கிடையாது. 100 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று குழுவே ஆண்டுதோறும் வரிவிகிதத்தை முடிவு செய்கிறது. முதலில் ஒரு விகிதத்தை விளம்பரப்படுத்துவார்கள். மீண்டும் விளம்பரம் செய்யாமல் அதைவிடக் கூட்ட முடியாது, குறைக்க மட்டுமே முடியும் என்பதால், உண்மையான போராட்டம் அந்த விளம்பரத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. பள்ளி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதாயினும் அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே ஆசிரியர் சம்பளம் கேட்டு வரும் பெற்றோரும் வரியைக் குறைக்கச் சொல்லும் மூத்தவர்களும் ஒரே அரங்கில், உங்களைப் போல் ஐவர் முன் அல்ல, பத்துப் பேர் முன் வரிசையில் நிற்கிறோம்.

கேள்விக்குறி

நிலைக்குழு விவரம் எனக்குப் புதிது, அதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு சந்தேகம். 2020 மார்ச் 16-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகள் சேர்ந்து எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, எந்தக் குழு வாக்களித்தது? நம் வாழ்வையே புரட்டிப் போட்ட முடிவு இந்த நிரலில் வரவே இல்லையே.

நிரல்நோக்கி

வராது. தொற்றுநோய்க் காலத்தில் ஆணையிடும் அதிகாரத்தை மாநிலச் சட்டம் கவுண்டி சுகாதார அலுவலருக்கே நேரடியாக அளிக்கிறது. அவரை நியமிப்பது குழு, ஆணையில் கையெழுத்திடுவது அவர். கவுண்டிக் காவல் தலைவரான ஷெரிஃபும் மாவட்ட அரசு வழக்கறிஞரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அவர்களுடைய நிதியை ஒதுக்குவது குழுவாக இருந்தாலும், யாரை விசாரிப்பது, யார் மீது வழக்குத் தொடுப்பது என்பதில் குழு தலையிடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அதிகாரம் ஓரிடத்தில் குவியாமல் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது எளிதில் விளங்காததுதான் குறை.

செங்காந்தள்

குழு நியமிக்கும் ஆலோசனை ஆணையம் ஒன்றில் சில காலம் உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் மேற்குக்கரையானின் மற்ற இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறேன்.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. சட்டம் ‘பொதுமக்கள்’ என்றுதான் சொல்கிறது. விசா எதுவாக இருந்தாலும் பேசலாம். கூட்டத்துக்குள் நுழையப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆங்கிலம் வராதவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தால், உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லாத நிலையில், மற்றவர்களுக்குத் தரும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் அவருக்குத் தர வேண்டும் என்பதும் பிரவுன் சட்டத்திலேயே இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அந்தச் சாலையைத் தினமும் கடப்பவர் என்ற தகுதியில், தமிழிலேயே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலாம்.

ஆனால் அதற்கு முன், உங்கள் கோரிக்கை குழுவின் முன் வரவே தேவையில்லை. விளக்கு எரியும் நேரத்தை மாற்றுவது சாலைகள் மற்றும் விமான நிலையங்கள் துறையின் பொறியாளர் செய்யும் நிர்வாக வேலை. நேரத்தைக் கணக்கிடும்போது வழக்கமாக மனிதர் நொடிக்கு 3.5 அடி நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். முதியவர்கள் வழக்கமாகக் கடக்கும் இடமானால் நொடிக்கு 2.8 அடி என்று கணக்கிடுவதைப் பரிசீலிக்கலாம் என்று கலிபோர்னியாவின் போக்குவரத்துக் கையேடு சொல்கிறது. 100 அடி அகலச் சாலையில் அந்த ஒரு மாற்றத்தால் ஏழு நொடி கூடும். அதை மட்டும் எழுதிக் கேளுங்கள். மறுத்தால், அல்லது நடுத்திட்டும் புதிய கம்பமும் தேவைப்பட்டால், அப்போது அது பணம் சம்பந்தப்பட்டதாகிறது. அந்நிலையில் உங்கள் மாவட்ட மேற்பார்வையாளரின் அலுவலகத்துக்கு எழுதி, போக்குவரத்தைக் கவனிக்கும் நிலைக்குழுவின் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதையும் ஜூன் விசாரணைக்கு முன், குளிர்காலத்திலேயே செய்யுங்கள்.

மனத்தாங்கலாகவே ஒன்றைச் சொல்கிறேன். நம் அமைப்புகள் உள்ளாட்சி மன்றங்களுக்குப் போவது பெரும்பாலும் பொங்கலுக்கோ மரபு மாதத்துக்கோ ஒரு பாராட்டுப் பத்திரம் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளத்தான். பட்டுச் சேலையும் வேட்டியுமாக முன்வரிசையில் இருந்தவர்கள், பத்திரம் கைக்கு வந்த அடுத்த நிமிடமே எழுந்து போய்விடுவார்கள். அதே நிரலில் முதியோர் மதிய உணவுத் திட்டத்தின் ஒப்பந்தம் இருந்தாலும் அதைப் புரட்டிப் பார்த்தவர் இருக்கமாட்டார்.

மேற்குக்கரையான்

அனைவருக்கும் மிக்க நன்றி. துறைக்கு அனுப்ப ஒரு வரைவு எழுதினேன். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்: “நாங்கள் இப்பகுதியில் நீண்ட காலமாக வரி செலுத்தி வாழும் குடும்பங்கள். எங்கள் சமூகம் பெரியவர்களைப் போற்றும் மரபுடையது. எங்கள் பெற்றோர் ஒவ்வொரு மாலையும் இந்தச் சாலையைக் கடக்கின்றனர். கடப்பதற்கான நேரத்தை நொடிக்கு 2.8 அடி என்ற கணக்கில் மாற்றியமைக்க வேண்டுகிறோம்.” சரியாக இருக்கிறதா?

செங்காந்தள்

முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் குறுக்குச் சாலையின் பெயர், எந்தத் திசையில் கடக்கிறார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சுமார் எத்தனை பேர் என்பதை எழுதுங்கள். இரண்டு மூன்று மாலைகள் அங்கே நின்று, விளக்கு மாறும்போது சாலை நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்தால் இன்னும் நல்லது. பிரதியை மேற்பார்வையாளர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ‘முதியோர் மீதான தாக்கம்’ என்ற தலைப்பை அறிக்கையில் நிரப்ப வேண்டிய அதிகாரிக்கு, எழுதுவதற்கு ஏதாவது கிடைக்கும்.